சுழியை விட்டுவிட்டு அடி

சரியாகச் செய்தால் இந்த இயந்திரம் ஒன்றும் சொல்லாது. கட்டளையை அடித்துப் பொத்தானை அழுத்தினால் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பிழை விட்டால்தான் வாய் திறக்கும். ரொறன்ரோவில் மனிதர்களும் அப்படித்தான். நான் வேலை செய்யும் களஞ்சியக் கொம்பனியின் கொம்பியூட்டர் அறையில் ஐந்து மாதமாக என்னை யாரும் பாராட்டவுமில்லை, ஏசவுமில்லை. ஆறாம் மாதம் வேலையை நிரந்தரமாக்கினால்தான் கணவரையும் மகளையும் இங்கே கூப்பிடலாம்.

அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைச் சிறு காகித மட்டைகளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தேன். தரவு பதிந்த காந்த நாடாவை ஏற்ற ஒன்று, அச்சுத் தாளின் அகலத்தை மாற்ற ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் பிள்ளையார் சுழியும் அதன் கீழ் இரண்டு கோடும். யோசித்துப் போட்டதல்ல. கை போட்டது.

நான் விடுப்பில் நின்ற ஒரு நாள், கூட வேலை செய்யும் டேவ் மட்டையைப் பார்த்து அடித்திருக்கிறான். சுழியை இரண்டு என்றும், கோடுகளைச் சமன் குறி என்றும் சேர்த்து. இயந்திரம் மறுத்தது. திரும்பத் திரும்ப அடித்தான். விநியோகத் தாள் அச்சாகவில்லை. மத்தியானம்வரை லொறிகள் வாசலில் நின்றன.

மேற்பார்வையாளர் மட்டையை என் முன்னால் போட்டார். "இது என்ன?"

"கடவுள்."

"கட்டளைக்குள்ளா?"

"கட்டளைக்கு மேலே. அவன் கேட்டிருக்கலாம்."

"நிரந்தரமாக்குவதைப் பற்றி யோசிக்கவேண்டும்," என்றார்.

இங்கே வருமுன், திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை இறக்கும் கணக்கை நானும் கிண்ணியாச் சலீமும் எழுதினோம். என் தாளின் தலையில் சுழி, அவர் தாளின் தலையில் பிஸ்மில்லாவுக்கு 786. காற்றில் தாள் பறக்காமல் கல் வைத்துக்கொண்டு சலீம் சொல்வார்: "அக்கா, உங்கட பிள்ளையார் இண்டைக்குச் சரிஞ்சு நிக்கிறார். சாப்பிடேல்லையோ?"

"அவர் இருக்கட்டும். உங்கட 786 மூட்டையையும் எங்க இறக்கினீங்கள்?"

"அது மேல ஒருத்தற்ற கணக்கு. நீங்க கூட்டாதேங்கோ."

தாளைச் சரிபார்த்த சிங்கள அதிகாரியும் அந்த 786ஐ ஒருநாளும் கூட்டியதில்லை. எதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அந்த இறங்குதுறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ரெலிபோனில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உம்மட கோபத்தைக் கொஞ்சம் அங்கால வையும்," என்றார். "பிள்ளை எப்ப பிளேன் ஏறுறது எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறாள்."

"அப்ப பிள்ளையாரை என்ன செய்யிறது?"

"அவர் ஒண்டும் நினைக்கமாட்டார். மட்டையை மாத்தி எழுதும்."

எழுதினேன். மொட்டைத் தலையோடு எல்லாவற்றையும். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

டேவுக்கு மனம் கேட்கவில்லை போலும், கோப்பியோடு வந்தான். கட்டளைக் கோப்பில் ஒரு வரியின் முன்னால் நட்சத்திரக் குறி போட்டால் இயந்திரம் அந்த வரியை வாசிக்காது, விரும்பியதை எழுது என்றான். விசைப்பலகையில் சுழி இல்லை. கடைசியில் நட்சத்திரத்துக்குப் பின்னால் 2ஐயும் சமன் குறியையும்தான் அடித்தேன், அவன் கண்ட மாதிரியே.

வேலை நிரந்தரமாகிவிட்டது. கணவருக்கும் மகளுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. தினமும் காலையில் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் அது நிற்கிறது. இயந்திரம் அதைத் தாண்டி இரண்டாம் வரியில் வேலையைத் தொடங்குகிறது. திருகோணமலையிலும் தாண்டித்தான் போனார்கள். ஆனால், அது என்னவென்று தெரிந்து தாண்டினார்கள்.