மடியில் ஒரு புட்டிக் கழலை

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முதல் நாளே சொன்னேன். செல்லூரில் என் சாயப்பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். பஸ் மேட்டில் நிற்கும், புட்டி கசியும், கடைசியில் என் தங்கை வீட்டு மாப்ளைக்கு நோய் ஒன்றும் இருக்காது என்று வரிசையாகச் சொன்னவன் நான். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றதுதான். ஆனால் சாயம் என்று வந்துவிட்டால் சீமைக் கம்பெனிக்காரனே என்னிடம் யோசனை கேட்டுக் கடுதாசி போட்டிருக்கிறான். ஜெர்மன் சண்டை தொடங்கித் தபால் தடைப்பட்டதால் இப்போது போடுவதில்லை.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டி. கல்லுப்பட்டியிலிருந்து என் தங்கை ராசாத்தி ஆள் அனுப்பினாள், போனேன். அவள் வீட்டுக்காரர், என் மாப்ளை சங்கையா, அங்கே கதர் நூல் எடை போட்டு வாங்கும் வேலையில் இருக்கிறார். அவர் கழுத்தில் புளியங்கொட்டை அளவில் இருந்த கழலை இரண்டே மாதத்தில் நெல்லிக்காயாகிவிட்டது. அந்த ஊர் டாக்டர் அதை முழுசாக அறுத்தெடுத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மதுரையில் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் புற்றா, காசமா, வெறும் வீக்கமா என்று தெரியும் என்றார். சாயம் என்றதும் வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் நான் எப்படி மாட்டேன் என்பது?

புட்டிக்குள் ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணீர். அழுகாமல் காக்கும், மூக்கைக் கிழிக்கும். திறக்கக் கூடாது, எதையும் கலக்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் மூன்று தரம் சொன்னார். நான் நாலு தரம் தலையாட்டினேன். பஸ் நிற்குமிடம் வரை வந்த ராசாத்தி, மாப்ளையின் காதில் விழாமல் ஒன்று சொன்னாள்.

"அண்ணே, நல்ல சேதின்னா நீ வா. இல்லைன்னா கடுதாசி போடு. ஒன் மூஞ்சியப் பாத்து நான் தெரிஞ்சுக்க வேணாம்."

கல்லுப்பட்டியிலிருந்து மதுரை இருபத்தைந்து மைல். டிக்கெட் எட்டணா. எட்டு மணி பஸ் எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. பெட்ரோல் தட்டுப்பாட்டினால் இப்போது பஸ்ஸின் பின்னால் கரி உலையைக் கட்டி, அதன் புகையில்தான் வண்டி ஓடுகிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது நெல்லிக்காய் அளவு சதை. இருபத்தைந்து மைலுக்கும் அது கனத்தது. பக்கத்தில் இருந்த பருத்தி வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, அதென்ன புட்டி என்றார். கலெக்டர் துரைக்கு நான் கொண்டுபோகும் மருந்து என்றேன். அதிலிருந்து எனக்கு இரண்டு பேர் உட்காரும் இடம் கிடைத்தது.

திருமங்கலத்துக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு மேடு. வண்டி இருமி நின்றது.

"எல்லாரும் எறங்குங்க. தள்ளுனாத்தான் போகும்," என்றார் டிரைவர்.

"அண்ணே, மருந்து வச்சிருக்கேன்ல," என்றேன்.

"மருந்த வண்டிக்கு ஊத்துங்க, இல்லாட்டி எறங்கித் தள்ளுங்க."

புட்டியை இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினேன். பதினைந்து பேர் தள்ளியும் அசையாத வண்டி நான் கை வைத்ததும் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில் புட்டி உருண்டுவிட்டது. ஏறிப் பார்த்தால் தக்கை நெகிழ்ந்து, தண்ணீரில் முக்கால் பங்கு பலகையில் ஓடியிருந்தது. கழலை பாதி வெளியே தெரிந்தது. தக்கையை அமுக்கி மூடி, புட்டியை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

திருமங்கலத்தில் பஸ் இருபது நிமிஷம் நிற்கும். புளியமரத்தடியில் ஒரு நாவிதர் சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் பெட்டியில் இருந்த படிகாரக் கட்டியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பட்டறையில் நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் சாயம் போடுவோம். அப்போதுதான் நிறம் பிடித்து நிற்கும். இதுவும் சாயம் ஏறப்போகிற பொருள்தானே? அரையணா கொடுத்து ஒரு துண்டு வாங்கி, பொடித்து, குழாய்த் தண்ணீரில் கரைத்துப் புட்டியைக் கழுத்து வரை நிரப்பினேன்.

பகல் பன்னிரண்டரைக்கு மதுரை. பஸ் ஸ்டாண்டிலிருந்து குதிரை வண்டிக்கு மூன்றணா. வடக்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது அந்தப் பரிசோதனைச் சாலை. அங்கே சாயம் போடுகிறவர் காதர் பாய். ஒல்லியான மனிதர், பத்து விரல் நகமும் ஊதா. என் நகங்களைப் பார்த்தார், நீலம். தொழில் தெரிந்தவர் என்று உடனே புரிந்துகொண்டார்.

"வழியில புட்டியத் தெறந்தீகளா அண்ணே?"

"இல்ல பாய்."

அந்த ஒரு சொல்லோடு நாலு நாள் கிடந்தேன். சதையைச் சாராயத்தில் நீர் வற்ற வைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவ அத்தனை நாளாகும். தினமும் ஆற்றைத் தாண்டிப் போய் அந்த மாடிப்படியில் உட்கார்ந்தேன். நான் இல்லாத பட்டறையில் தீபாவளிச் சேலைகளெல்லாம் திட்டுத்திட்டாக வந்தன. அதுதான் புது மோஸ்தர் என்று சொல்லி விற்றேன். கடுதாசிக்கு ஒரு கார்டும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் பாயின் முகம் சரியில்லை. அவருடைய நீலச் சாயம் மரத்திலிருந்து எடுப்பது. சதையில் இருக்கும் ஒவ்வொரு உயிரணுவின் நடுக்கருவை மட்டும் அது பிடிக்க வேண்டும். மற்றதை ரோஸ் சாயம் பிடிக்கும். அப்போதுதான் உடம்புக்குள் நோயோடு மல்லுக்கட்டும் காவல் அணுக்கள் எவை என்று பிரித்துச் சொல்ல முடியும். மாப்ளையின் சீவல்களோ எல்லாம் ஒரே இருட்டு நீலம். பார்க்க இயலவில்லை என்று எழுதப் போவதாகப் பரிசோதனைச் சாலை டாக்டர் சொல்லிவிட்டாராம். மறுபடி வெட்டியனுப்ப மாப்ளையிடம் இன்னொரு கழலை கிடையாது.

படியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேடு, தக்கை, படிகாரம், ராசாத்தி சொன்ன கடுதாசி வரைக்கும். பாய் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"யா அல்லா. நீங்க ஊறப்போட்டது மாப்ளையோட கழலையா, செல்லூர்ச் சேலையா? எஞ்சாயத்துலயே படிகாரம் இருக்கு அண்ணே, அளவோட. நீங்க அண்டாக் கணக்குல போட்டிருக்கீக." பிறகு எழுந்தார். "இத மொத நாளே சொல்லியிருந்தா, மொத நாளே கழுவியிருப்பேன்."

மிச்சச் சீவல்களை ஒரு பகல் முழுக்க ஓடும் தண்ணீரில் அலசினார். திராவகம் சொட்டிய சாராயத்தில் மிஞ்சின நிறத்தை இறக்கினார். இன்னொரு கண்ணாடிச் சில்லில் ஒட்டிய சீவலுக்குப் பச்சையும் சிவப்பும் கலந்த சாயம் போட்டார். ஜெர்மன் சரக்கு, சண்டைக்கு முன்னால் வாங்கிய புட்டியில் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். காவல் அணுக்களில் ஒரு வகைக்கு மட்டும் அதில் வயிறு சிவக்குமாம். காசக்கிருமிக்கு வேறு சாயம். அதில் ஒன்றும் அகப்படவில்லை.

ஏழாம் நாள் காலை பத்தரைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வந்து பாருங்கள் என்றார். குனிந்து, மைக்ராஸ்கோப் என்கிற அந்தப் பூதக்கண்ணாடியில் கண் வைத்தேன். ரோஸ் வயலில் கடுகு கொட்டினாற்போல் நீலப் பொட்டுகள். நடுநடுவே சிவந்த வயிறும், ஓரத்தில் ஒதுங்கிய வண்டிச் சக்கரம் போன்ற கருவுமாகத் தடித்த காவல் ஆட்கள். "டாக்டர், எல்லாம் ஒரே அச்சா இருந்தாத்தான் பயம். இது பல ஊர் ஆளும் கூடுன சந்தை. புத்து இல்ல," என்றேன். டாக்டர் அசந்துவிட்டார். சொத்தைப் பல்லிலிருந்து ஏறிய வீக்கம், பல்லைப் பிடுங்கினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கே இரண்டு மணி பஸ்ஸில் ஏறி ஆறு மணிக்குக் கல்லுப்பட்டியில் இறங்கினேன். ராசாத்தி நின்றிருந்தாள், ஏழு நாளும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வந்து நின்றாளாம். நான் இறங்குவதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். நான் வீடு சேர்வதற்குள் பலகாரத்துக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

இந்தப் பாதையில் இப்படி ஒரு புட்டியோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தக்கையின் மேல் மெழுகு ஊற்றி வாங்குங்கள். பெயரைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள், மை கரைந்துவிடும். பஸ்ஸில் முன்னால் உட்காருங்கள், பின்னால் உலைச் சூடு. தள்ளச் சொன்னால் புட்டியோடு இறங்குங்கள். சிந்திவிட்டால் தொழில் தெரிந்தவர்போல் எதையும் ஊற்றாமல், சேர்த்தவுடன் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பகலில் பாய் தொழுகைக்குப் போய்விடுவார்.

ஒன்று மட்டும் நான் கட்டிச் சொன்னது. பூதக்கண்ணாடியில் குனிந்தேன் என்பது நிஜம். ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். கடுகும் சக்கரமும் சந்தையும் பின்னால் காதர் பாய் விளக்கியவை. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "டாக்டர், நான் ஊருக்குப் போறதா, கடுதாசி போடுறதா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பாய்தான் என் தோளைத் தொட்டு, "பஸ் ஏறுங்க அண்ணே," என்றார்.