எண்பத்தைந்தில் மூடியவர்

சுபத்திரா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் இரண்டாம் வருட மாணவர்களுக்கு ஒளியியல் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். துறையின் வட்ஸ்அப் குழுவில் இரண்டு வரிகள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. அடக்கம் நாளை, பழுகாமத்தில். வகுப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டுப் போயிருந்தால் அவருக்கே பிடித்திருக்காது.

மறுநாள் துறைக்காரர்கள் ஐந்து பேர் வாவியைக் கடக்கப் பாதையில் ஏறினோம். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறோம். நடுவழியில் ஒருவர் சொன்னார்: “அவட வேலையில ஒரு குறையும் சொல்லேலா. அந்தக் கண்ணாடி ஒண்டுதான்.” இன்னொருவர், “எல்லாருக்கும் ஒரு நாள் பிழை வரும்தானே” என்றார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்தப் பேச்சுதான்.

அவரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்கு: அவர் எங்கள் பௌதிகவியல் துறையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மொட்டைமாடியில் இருக்கும் தொலைநோக்கி அவருடைய பொறுப்பு. மாணவர்களுக்கு வியாழனின் நிலவுகளைக் காட்டுவதும் அதில்தான், ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை நான் அளப்பதும் அதில்தான். வாவிப் பக்கமிருந்தும் கடல் பக்கமிருந்தும் உப்புக்காற்று வரும் இடத்தில் கண்ணாடியால் ஆன கருவியை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு வேறு யாருக்கும் தெரியாது.

அவரிடம் ஒரு விதி இருந்தது. காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி எண்பத்தைந்து வீதத்தைத் தொட்டால் குவிமாடத்தை மூடிவிடுவார். யார் வந்து நின்றாலும் சரி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறதே என்று வாதாடினேன். “எங்கட அப்பா நெல்லக் கடிச்சுப் பாத்து ஈரம் சொல்லுவாரு. கண்ணாடியக் கடிக்கேலாது தம்பி. மீற்றரப் பாருங்க” என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. பிடிவாதக்காரி என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மாணவர்கள் இருக்கும்போது என்னை “சேர்” என்பார். அவர்கள் இறங்கிப் போனதும் “தம்பி”. கோபம் வந்தால் தனியாக இருந்தாலும் “சேர்”தான். இதை வைத்தே அவருடைய மனநிலையை அளந்துவிடலாம்.

ஒரு மாரிகாலத்தில் அவர் இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அன்று பின்னேரம் மழை விட்டு வானம் திறந்தது. நான் பின்தொடர்ந்துகொண்டிருந்த விண்மீன் அன்று மாலைதான் ஆகக் குறைந்த ஒளிக்கு வரவேண்டும். விட்டால் அடுத்த வருடம். ஈரமானி தொண்ணூறுக்கு மேல் காட்டியது. துறை அலுவலகத்தில் அவர் கொடுத்துவிட்டுப் போயிருந்த மாடிப் பூட்டின் திறப்பை வாங்கிக் குவிமாடத்தைத் திறந்தேன். அரை மணித்தியாலத்தில் பிரதான கண்ணாடியில் பனி படிந்தது. காத்திருக்கப் பொறுமையில்லை. துணியை எடுத்துத் துடைத்தேன்.

அவர் திரும்பி வந்த அன்று காலை டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். வளைவு வளைவாகக் கீறல்கள்.

“துடைச்சதா?”

“ஓம்.”

“எதால?”

“மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால.”

“உப்புப் படிஞ்ச கண்ணாடிக்கு அது அரம், சேர்.”

அதற்குமேல் திட்டவில்லை. தொலைநோக்கியில் நடப்பதையெல்லாம் பதியும் லொக் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பேரையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். “ஆர் செய்ததெண்டு எழுத வேணாம். என்ன செய்ததெண்டு எழுதுங்க. மறுகா வாறவருக்கு அதுதான் வேணும்.” எந்தப் பிழையையும் அவர் அப்படித்தான் பதிவார், தன்னுடையது உட்பட. நான் எழுதினேன்: பிரதான கண்ணாடி ஈரத்துடன் துணியால் துடைக்கப்பட்டது.

பூச்சைப் புதுப்பிக்கக் கண்ணாடியை வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும் என்று தெரிந்தபோது துறையில் கூட்டம் வைத்தார்கள். எப்படி நடந்தது என்று அவரிடம் கேட்டார்கள். “லொக் புத்தகத்தில கிடக்கு” என்றார். அதில் பெயர் இல்லை. தொலைநோக்கி அவர் பொறுப்பு. எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். என் நியமனம் அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. திறப்பை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுக்கத் தீர்மானித்தார்கள்.

அவரே கொண்டுவந்து தந்தார். “எண்பத்தஞ்சு. மறக்காதீங்க, சேர்.” அதன்பின் நாங்கள் தனியாக இருந்தபோதுகூட அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். “சேர்” என்றே சொன்னார்.

ஆகவே பாதையில் என்னோடு வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும்: கண்ணாடியைக் கீறியது நான். நிரந்தர நியமனம் கிடைத்த பிறகும் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. யாருக்காகச் சொல்லியிருக்கவேண்டுமோ அவர் இப்போது இல்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரிக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அவருடைய முறைப்படி அது தேவையில்லாத தகவல். இருக்கட்டும்.

அவருடையதாக என்னிடம் இருப்பவை திறப்பு, லொக் புத்தகம், ஓர் எண். நேற்று மாலை முதலாம் வருட மாணவர்கள் சனியின் வளையத்தைப் பார்க்க மாடிக்கு வந்திருந்தார்கள். வானம் சுத்தமாக இருந்தது. ஈரமானி எண்பத்தாறு. “ஒரு ஐஞ்சு நிமிஷம் மட்டும், சேர்” என்று கெஞ்சினார்கள். ஒருவன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: பிடிவாதக்காரன்.

குவிமாடத்தைத் திறக்கவில்லை.