எண்ணூருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்

கொருக்குப்பேட்டையில் வண்டி வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தது. சிக்னலுக்காக அங்கே காத்துக் கிடப்பது நம் தடத்தில் போய்வருகிறவர்களுக்குப் புதிதில்லை. மடியில் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருந்தேன். போன் அடித்தது. திரையில் மெஹ்ருவின் பெயர். எங்களுக்குள் ஹலோ சொல்லும் வழக்கம் கிடையாது. எடுத்தவுடன், "கொருக்குப்பேட்டை" என்றேன். வண்டி நின்ற ஊரைச் சொல்லவில்லை, புத்தகத்தில் நான் நின்ற இடத்தை எங்கள் பாஷையில் சொன்னேன். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டன. பேசியது மெஹ்ரு இல்லை. "செல்விக்கா, நான் நசீமா. அக்கா காலையில மௌத்தாயிடுச்சுக்கா" என்று அவள் தங்கையின் குரல், மெஹ்ரு இறந்துவிட்டதைச் சொன்னது.

ராயபுரத்தில் துறைமுகத்துச் சரக்குகளுக்குக் கிளியரன்ஸ் வாங்கித் தரும் நம் ஆபீசில் மெஹ்ருன்னிசாவோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு மேஜையில் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும், "இப்ப இன்னா ஓடிகினு கீது?" என்று கேட்பாளே, அவள்தான். தியேட்டரில் படம் ஓடுவதுபோல் மனிதருக்குள் எந்நேரமும் ஒரு புத்தகம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒன்றுமில்லை என்று சொன்னவரைப் பார்த்து, "அப்ப கொட்டகை காலியா?" என்பாள். அந்த அவமானத்துக்குப் பயந்தே நம்மில் சிலர் படிக்கத் தொடங்கினோம். யார் யார் என்று சொல்லி மானத்தை வாங்க மாட்டேன்.

அவள் போனில் படிப்பவள். எனக்குக் காகிதம் வேண்டும். இதற்காக நாங்கள் சண்டை போட்டதுபோல் வேறு எதற்கும் போட்டதில்லை. அவள் புகுந்த வீடு திருவொற்றியூரில். இரண்டே அறை, ஆறு பேர். "புஸ்தகம் வாங்கினா எங்க வெக்கிறது, எந்தலை மேலயா?" என்பாள். வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் பக்கம் தள்ளிக்கொண்டே போவாள். கூட்டம் இடித்தாலும் அவளுக்கு உறைக்காது. நான் இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் யார் மேலாவது சாய்ந்து திட்டு வாங்குவேன். அதைப் பார்த்துச் சிரிப்பதில் அவளுக்கு அலாதி சந்தோஷம்.

என் வீடு கத்திவாக்கத்தில். அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் எங்கள் பக்கம் எல்லாவற்றின் மேலும் வந்து உட்காரும், புத்தகத்தை மட்டும் விடுமா? அலமாரியிலிருந்து எதை உருவினாலும் விரல் கறுக்கும். ஒருமுறை அவள் பிறந்தநாளுக்கு என் அலமாரியிலிருந்தே நல்ல கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். படித்து முடித்துத் திருப்பித் தந்துவிட்டாள். "கதை சூப்பர். ஆனா உன் புஸ்தகத்தப் பட்ச்சா ஒவ்வொரு தபா கை கழுவணும்மே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. போனில் படிக்கிறவள் நாளைக்குப் போய்ச் சேர்ந்தால் பின்னால் என்ன இருக்கும், மடித்த மூலை உண்டா, கறை உண்டா, பெயர் எழுதிய முதல் பக்கம் உண்டா என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்த பேச்சுதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "காயிதமோ போனோ, உள்ள பூந்துட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

இருவரும் ஒரே புத்தகத்தை ஒரே சமயத்தில் படிப்பது என்று ஆரம்பித்தபோதுதான் பெரிய தலைவலி வந்தது. நான் நூற்றுச் சொச்சம் பக்கம் என்பேன். அவள் நாற்பது பர்சன்ட் என்பாள். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் அவள் போனில் பக்கக் கணக்கே மாறிவிடும். யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியாமல், கதையில் ஒருத்தி செத்துப்போவதை நான் உளறிவிட்டேன். அவள் இன்னும் அங்கே வரவில்லை. மறுநாளெல்லாம் என்னோடு பேசவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் மாலை, கொருக்குப்பேட்டையில் வண்டி நின்று கிடந்தபோது அவளே வாயைத் திறந்தாள். "பேஜாரே வேணாம்மே. ராயபுரம்னா ஆரம்பம். எண்ணூர்னா முடிவு. நடுவுல எந்த ஸ்டேஷன்ல கீறேன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள். யார் முதலில் எண்ணூர் போய்ச் சேர்கிறாளோ, அவள் மற்றவள் வந்து சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

அன்றிலிருந்து எங்கள் வாசிப்பு முழுக்க அந்தத் தண்டவாளத்தில்தான் ஓடியது. வண்ணாரப்பேட்டை என்றால் இப்போதுதான் ஆள்களின் பெயர் மனதில் பதிகிறது. கொருக்குப்பேட்டை என்றால் கதை நகராமல் மாட்டிக்கொண்டது. தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வந்துவிட்டால் இனிக் கீழே வைக்க முடியாது. கடைசியில் கத்திவாக்கம், எண்ணூர். முடித்த பிறகு பின்னுரையையும் விடாமல் படிக்கும் என் குணத்துக்கு, எண்ணூரையும் தாண்டி வரும் அத்திப்பட்டு என்று பெயர் வைத்தாள். பிடிக்காத புத்தகத்தோடு நான் மல்லுக்கட்டினால், "எறங்கிடும்மே, டிக்கெட் போனா போவுது" என்பாள்.

ஒருநாள் மேலாளர் மெஹ்ரு எங்கே என்று அவசரமாகக் கேட்டார். அவள் போடவேண்டிய பில் ஒன்றுக்காகச் சரக்கு துறைமுக கேட்டில் நின்றிருந்தது. காலையில் அவள் அனுப்பிய செய்தி என் போனில் இருந்தது: தண்டையார்பேட்டை. வண்டி நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, இதோ, மூன்றாவது ஸ்டேஷனில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். பாவம் மனிதர், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவளோ காய்ச்சலில், ஆபீசுக்குச் சொல்லாமலே லீவு போட்டுவிட்டு வீட்டில் போர்வைக்குள் படித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். நாங்களே போட்ட பாஷை எங்களையே ஏமாற்றும் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவளுடைய நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது நாங்கள் ஒரு குண்டு நாவலைத் தொடங்கியிருந்தோம். காணாமல்போன தம்பியைத் தேடி ஊர் ஊராக அலையும் ஓர் அக்காவின் கதை. வைத்தியத்துக்கு வசதியாக அவள் ராயபுரத்தில் தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆபீஸ் விட்டதும் எட்டிப் பார்ப்பேன். முதலில் உட்கார்ந்து பேசினாள். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டு பேசினாள். இருமல் வந்தால் பேச்சு பாதியில் நிற்கும். போகப்போக நான்தான் பேசினேன். ஆனால் ஸ்டேஷன் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வ.உ.சி. நகர் என்று வந்தது. திருவொற்றியூர் என்று வந்தது. நோவிலும் என்ன வேகம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவளிடம் தோற்கக் கூடாது என்று நானும் விழுந்து விழுந்து படித்தேன். நான் எண்ணூர் சேர்ந்த அன்று அவளிடமிருந்து கத்திவாக்கம் என்று வந்திருந்தது.

கடைசியாகப் போன மாலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் பலமே இல்லை. "செல்வி, அந்தத் தம்பி கெடச்சானா இல்லியா? அத்த மட்டும் சொல்லிடு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டம் போட்டவளே சட்டத்தை மீறுகிறாள் என்று நினைத்தேன். "இன்னும் ஒரே ஸ்டேஷன். நீயே வந்து சேரு" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். "சரி வுடு" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆபீசில் வேலை நெரித்தது, மறுநாள் போகவில்லை. அதற்கும் மறுநாள் காலையில்தான் நசீமாவின் போன் வந்தது.

லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்கு அடக்கம் செய்யப் போனார்கள். பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். ஓதும் குரல் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. நசீமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துக்க வீட்டில் எதையாவது பேச வேண்டுமே என்று, கடைசிவரைக்கும் படித்துக்கொண்டேதான் போயிருக்கிறாள், அதுவும் எப்படிப்பட்ட வேகம் என்றேன். நசீமா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அக்கா எங்க பட்ச்சுது? மருந்து ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்தே எழுத்தெல்லாம் ஓடுதுன்னுச்சு. போனத் தூக்கவே கையில தெம்பு இல்ல. தண்டையார்பேட்டையோட நின்னுபோச்சு" என்றாள்.

அப்படியானால் எனக்கு வந்த செய்திகள் என்று கேட்டேன். அக்கா சொல்லச் சொல்லத் தான்தான் தட்டி அனுப்பியதாகச் சொன்னாள். எதற்கு இப்படி என்று தானும் கேட்டதாகச் சொன்னாள். மெஹ்ரு சொன்ன பதிலை அவள் குரலிலேயே சொன்னாள்: "நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சா செல்வியும் எறங்கி என் பக்கத்துல உக்காந்துக்கும். அது பாட்டுக்குப் போவட்டும்."

அதற்குப் பிறகு அந்த அறையில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன், யாரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன் என்று ஞாபகமில்லை. அவள் கேட்டது சலுகை இல்லை. அந்தப் புத்தகத்தில் தண்டையார்பேட்டையைத் தாண்டி அவளால் வர முடியாது என்று தெரிந்து கேட்டிருக்கிறாள். எனக்கோ அவள் ஒரு ஸ்டேஷன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தத் தண்டையார்பேட்டையை நம்பி மேலாளர் வாசலில் நின்ற மாதிரி, இந்தக் கத்திவாக்கத்தை நம்பி நான் எண்ணூரில் நின்றிருக்கிறேன். மேலாளர் நின்றதற்கு எல்லோரும் சிரித்தோம். அந்தச் செய்திகளை இப்போது திரும்பப் பார்க்கும்போது, அவள் சொன்ன ஸ்டேஷன்கள் புத்தகத்துடையவைதானா, அவளே போய்க்கொண்டிருந்த பயணத்துடையவையா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவள் போனை நசீமா வைத்திருக்கிறாள். அதில் மடித்த மூலை இல்லை, கறை இல்லை. நான் அன்று வாய் தவறிக் கேட்டதுபோலவே, எடுத்து முகர்ந்து பார்க்க அவள் எதையும் விட்டுப் போகவில்லை. ஆனால் நம் மேஜையில் யார் என்ன படித்தாலும், காகிதமோ போனோ, எந்த ஸ்டேஷன் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். நேற்று டப்பாவைத் திறக்கும் முன் ஒருவர், இப்ப இன்னா ஓடிகினு கீது என்று அவள் மாதிரியே கேட்டுவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். 

என்னிடம் இருப்பது அந்தக் குண்டு நாவல். ஓரமெல்லாம் சாம்பலும் என் விரல் தடமுமாக இருக்கிறது. தண்டையார்பேட்டை என்று எனக்குப் படும் பக்கத்தில் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். மாலையில் திருவொற்றியூரில் கூட்டம் இறங்கியதும், அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்காகத் திரும்பப் படித்துக்கொண்டு வருகிறேன். கத்திவாக்கத்தில் இறங்காமல் எண்ணூர்வரை போய்த் திரும்பிய நாளும் உண்டு. சட்டம் போட்டவள் நீ, மெஹ்ரு, அதை மீறச் சொன்னவளும் நீதான். தம்பி கிடைத்துவிட்டான். அக்கா தேடி அலுத்து வீடு திரும்பும்போது, அவளுக்கு முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான்.