மேட்டு லைனில் ஏறாத தண்ணீர்

1. பதினாலு சுற்று

கொரோனா ஊரடங்கில் ஒரு காலை. தண்ணீர் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ., போன் செய்தார். அவர் மலையாளி. ஹிந்தியும் தமிழும் கலந்து திட்டுவார்.

"அரே செல்வம், மேட்டு லைன்ல பானி நஹீ சடா! இதோட மூணு சப்ளை. அடுத்த சப்ளையும் ஏறலேன்னா உன்னைத் தூரத்துத் தீவு கட்சாலுக்கு மாத்தி எழுதிடுவேன், சம்ஜா?"

நான் இந்தத் தீவில் ஜங்லிகாட் பகுதியில் வால்வ்மேன், தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். படிப்பு அஞ்சாம் கிளாஸ். ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இது நல்ல வேலை. தோளில் வால்வைத் திருப்பும் நீள இரும்புச் சாவி, தரையில் வால்வு இருக்கும் குழி, சேம்பர். மூடியைத் தூக்கி வால்வைப் பதினாலு சுற்று திறக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பதினாலு சுற்று மூட வேண்டும். வால்வு நம்மை எதுவும் கேட்காது.

அன்றும் பதினாலு சுற்றுதான் திறந்திருந்தேன். பம்ப் அதே பம்ப். மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் எங்கே போனது?

2. சாவியில் காது

லீக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. சாவியின் ஒரு முனையைப் பைப்பில் வைத்து, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். லீக் இருந்தால் ஒரே சீராக 'ஸ்ஸ்' என்று கேட்கும். கீழ்த் தெருவில் வைத்துப் பார்த்தேன். சீறல் இல்லை. பல குழாய்கள் ஒரே நேரத்தில் கொட்டுகிற இரைச்சல். காதை எடுத்தேன். பாட்டுக் கேட்டது.

தெரு முழுக்க வாசல் குழாயடியில் பிள்ளைகள். எதிரே போனைப் பிடித்துக்கொண்டு அம்மாக்கள். பள்ளிக்கூடத்து மிஸ் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்: கை கழுவும் பாட்டை இரண்டு தடவை பாடிக் கை கழுவி வீடியோ அனுப்ப வேண்டும். வாசல் குழாயில் சப்ளை நேரத்தில்தான் தண்ணீர் வேகமாக விழும், வீடியோவில் அழகாக இருக்கும். நம் தீவு நெட்டில் வீடியோ லேசில் போகாது. போகாவிட்டால் அடுத்த சப்ளையில் மறுபடி பாட்டு, மறுபடி குழாய். கீழே இத்தனை குழாய் திறந்திருந்தால் மேட்டுக்கு ஏற பிரஷர் எங்கே இருக்கும்?

யாரிடம் என்ன சொல்வது? பேசாமல் போய் நேரத்துக்கு வால்வை மூடிவிட்டேன்.

3. மேட்டு வீடு

மேட்டுக்கு ஏறினால் கடைசி வீட்டு மல்லிகா வாசலில் நின்றாள்.

"வால்வுக்கார அண்ணே, எங்க மேல என்ன கோவம் உங்களுக்கு? கை கழுவு, கை கழுவுன்னு டிவியில சொல்றான். எதுல கழுவ, எச்சிலிலயா?"

அவள் மகன் தினேஷுக்கு ஏழு வயது. குளிக்காமல் முதுகெல்லாம் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. கீழ்த் தெருப் பிள்ளைகளின் வகுப்புதான். மற்றவர்கள் 'நெட் போகலை' என்றாவது குரூப்பில் சொன்னார்கள்; ஒன்றுமே அனுப்பாதவன் அவன் ஒருத்தன். மிஸ் குரூப்பில் 'தினேஷ் சோம்பேறி' என்று போட்டுவிட்டார். அதிலிருந்து அவன் போனைத் தொடுவதில்லை.

வீட்டுக்கு வந்து கட்சால் மிரட்டலைச் சொன்னேன்.

"அங்க போனாலும் நீங்க வாயத் திறக்கப் போறதில்ல. உங்களுக்கென்ன, இங்கயும் வால்வு, அங்கயும் வால்வு" என்றாள் மனைவி.

தினேஷின் முதுகு கண்ணிலேயே நின்றது. மறுநாள் மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கீழ்த் தெருவுக்குப் போனேன். கூச்சக்காரனுக்கு மாஸ்க் பெரிய உபகாரம்.

4. நசீமா

தினேஷ் வகுப்பில் படிக்கும் மளிகைக் கடைக்காரர் மகள் நசீமாதான் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தலைவி. வாசலில் நின்றாள்.

"பாப்பா... கொழாய... கொஞ்சம்..." என்றேன்.

"மாஸ்க்குக்குள்ள பேசுனா எப்படிக் கேக்கும் மாமா? சத்தமா சொல்லுங்க."

"பாடும்போது கொழாய மூடணும்."

"மூடுனா வீடியோ நல்லாருக்காது. நாலு தடவ எடுத்தும் போகல, தெரியுமா?"

"நீங்க நாலு தடவ எடுத்ததுலதான் தினேஷ் ஒரு தடவகூட எடுக்கல. மேல தண்ணி ஏறல. அவன் குளிச்சுப் பல நாளாச்சு."

இவ்வளவு நீளமாக நான் பேசியது எனக்கே ஆச்சரியம். நசீமா திரும்பி மேட்டைப் பார்த்தாள்.

"அவன் சோம்பேறி இல்லயா அப்ப?"

உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்பும் உம்மாவின் போனும் கொண்டுவந்தாள்.

"மாமா, நீங்க ஊத்துங்க. நனைக்க கொஞ்சம், கழுவ கொஞ்சம். நடுவுல பாட்டு. உம்மா, வீடியோ எடுங்க!"

ஊற்றினேன். அந்த வீடியோவும் போகவில்லை. அவள் அசரவில்லை. குரூப்பில் குரல் பதிவு போட்டாள்: "எல்லாரும் கேளுங்க. கொழாய மூடிட்டுப் பாடுங்க. தினேஷ் வீட்டுக்குத் தண்ணி போகணும். மிஸ், அவன் சோம்பேறி இல்ல. வால்வ் மாமா சொன்னாங்க."

என் பேரை ஏன் இழுத்தாள்? சொம்பை வைத்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினேன்.

5. அடுத்த சப்ளை

பதினாலு சுற்று திறந்தேன். கீழ்த் தெருவில் சாவியில் காது வைத்தேன். பாட்டுக் கேட்டது, இரைச்சல் குறைந்திருந்தது. சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறினேன்.

தினேஷ் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். முதலில் காற்றுத்தான் வந்தது. குழாய் இருமியது, தும்மியது. மல்லிகா, "கொழாய்க்கும் கொரோனாவா அண்ணே?" என்றாள். பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம். பிறகு நல்ல தண்ணீர்.

மல்லிகா அவனை நிறுத்தி வைத்து முதுகில் இரண்டு வாளி ஊற்றினாள். பிறகு போனை எடுத்தாள். அவன் கையை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டான். பாட்டு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"பாடுடா!"

"வெக்கமா இருக்கும்மா."

அந்த வெட்கம் எனக்கு நன்றாகத் தெரியும். மாஸ்க்குக்குள்ளிருந்து நான் பாட ஆரம்பித்தேன். தெருவில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. இரண்டாவது அடியில் அவனும் சேர்ந்துகொண்டான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பிரஷர் குறைந்தால் பைப்பில் காது வையுங்கள். பிறகு காதை எடுத்துவிட்டுத் தெருவையும் கேளுங்கள். கேட்டதைப் போய்ச் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தாலும்.

கட்சாலுக்கு நான் போகவில்லை. தினேஷின் வீடியோ எப்படியோ முதல் தடவையிலேயே போய்விட்டது. மிஸ் பதில் போட்டார்: 'வெரி குட் தினேஷ். பின்னால் பாடுகிறவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடலாம்.'