புதனுக்கு ஒரு பச்சைக்கல்

வேப்பிலையும் மஞ்சளும் அரைக்கிற வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்வேன். காரணம் ஒரு கல். சுண்டைக்காய் அளவு, பச்சைப் பட்டாணி நிறம், மேலே டீ சிந்தியது போல் பழுப்புக் கோடுகள்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் துறைமுகம் தினமும் ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை, இரும்புத்தாது ஏற்றுகிற நாளில் சிவப்பாகவும் நிலக்கரி இறக்குகிற நாளில் கறுப்பாகவும் அம்மா எடுத்து மடிப்பாள். பச்சை மட்டும்தான் பாக்கி. அதைத் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த அப்பா, எங்கள் நைனாவே கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கப்பலின் அடியறையைக் கூட்டும்போது மூலையில் கிடந்ததாம். லுங்கி முடிச்சை அவிழ்த்து என் முன்னால் வைத்து, "இது இன்னா கல்லுன்னு சொல்லு, ப்ரொபசரு" என்றார்.

ஏழாவது படிக்கும் ப்ரொபசர் நான். வாடகை நூல்நிலையத்துப் புத்தகங்களைக் கரையானுக்குப் போட்டியாகத் தின்றுகொண்டிருந்ததால் தெருவே கொடுத்த பட்டம். நவரத்தினங்கள் பற்றிய ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்தேன். அதில் வண்ணப்படங்களின் மை தடம் மாறி விழுந்திருந்தது. மாணிக்கம் தக்காளியாகவும் மரகதம் பச்சைப் பட்டாணியாகவும் தெரிந்தன. கல்லைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "மரகதம்" என்று தீர்ப்பு எழுதினேன். உலகில் எந்த நீதிபதியும் அவ்வளவு விரைவாக எழுதியிருக்க மாட்டார்.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பாள். பச்சைக்கல் புதனுக்கு, புதன் படிப்புக்கு. தேவகி அக்கா அந்த வருடம் பத்தாவது பரீட்சை எழுதவேண்டும். எங்கள் வீட்டில் பத்தாவது தேறியவர் அதுவரை யாருமில்லை. தேறினால் டைப்ரைட்டிங், தேறாவிட்டால் காசிமேட்டு "எறா கம்பெனி"யில் ஐஸில் கைவிட்டு இறால் தோல் உரிக்கவேண்டும். மற்றப் பாடங்களெல்லாம் அக்காவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கணக்கு மட்டும்தான் பயம்.

யானைக்கவுனிப் பத்தரிடம் மோதிரம் செய்யப் போனோம். அவர் கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது மரகதமில்லப்பா. இன்னா கல்லுன்னும் எனக்குத் தெரில. தெரியாத கல்ல கொயந்த கைல போடாத" என்றார்.

"எம்புள்ள புக்குல பாத்துகீறான்" என்றார் நைனா. நாற்பது வருடமாகக் கல் கட்டுகிற மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கல் தோலில் படவேண்டும் என்பதற்காக, வழக்கப்படி வெள்ளி மோதிரத்தின் அடியைத் திறந்தே விட்டார்.

பரீட்சை தொடங்குவதற்கு முந்தின நாள் மோதிரம் போட்ட அக்காவின் சுண்டுவிரலில் நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. மறுநாள் புறங்கை, பிறகு முழங்கை, கழுத்து. அம்மா கதவில் வேப்பிலை செருகினாள். "ஆத்தா வந்துகீறா. தலைக்குத் தண்ணி ஊத்துறவரைக்கும் பொண்ணு வாசப்படி தாண்டக்கூடாது" என்றாள். அக்கா பாயில் படுத்தபடி, "கணக்கு மட்டுமாவது எழுதிட்டு வந்துடறேம்மா" என்று அழுதாள். வாழ்நாளில் ஒருமுறை அவள் கணக்குக்காக அழுதது அன்றுதான்.

எல்லாப் பரீட்சையும் முடிந்த பிறகு மூன்றாவது தண்ணீர் ஊற்றினார்கள். அதற்காக மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். நாலே நாளில் கொப்புளம் அடங்கியது. நன்றிக்கு மோதிரம் அம்மன் உண்டியலுக்குப் போயிற்று. கழற்றிய விரலை நான் பார்த்தேன்: கல் பட்ட இடத்தில் மட்டும் வட்டமாகச் சதை பிய்ந்திருந்தது. அது என்ன சொல்கிறது என்பது ஏழாவது படிக்கிறவனுக்குப் புரியாததல்ல. சொன்னால் ப்ரொபசர் பட்டம் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். அக்டோபரில் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அக்டோபருக்கு முன்பே எறா கம்பெனி வந்துவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் அரிய கற்களின் கண்காட்சி நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பட்டாணிப் பச்சை, அதே டீக்கறை. சீட்டில் "காஸ்பைட்" என்று எழுதியிருந்தது. "நிக்கல் சார். சேத்து வைக்கிறவங்க ஆசையா வாங்குவாங்க. தோல்ல பட்டா சில பேருக்குக் கொப்புளம் வரும், பாத்துக்குங்க" என்றார் விற்பவர். சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ராயபுரத்துத் தாதும் கரியும் எப்போதோ எண்ணூருக்கு மாற்றலாகிவிட்டன. அக்காவையும் அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். இப்போது கறுப்புச் சட்டையை மடிப்பது அவள் முறை.

கல்லை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒத்திகை பார்த்தது பல வருடம்.

"இத்த கண்டுபுடிக்க இத்தினி வருசமா ப்ரொபசரு?" என்றாள். "கழட்னா அரிப்பு அடங்குச்சு, போட்டா ஏறுச்சு. எனக்கு அப்பவே தெரியும். அம்மாகிட்ட சொன்னேனே."

"என்ன சொன்னாங்க?"

"உனுக்கு இன்னாடி தெரியும், அவன் புக்குல பாத்துகீறான்னு சொல்லி, அவங்களே திரும்ப மாட்டி வுட்டாங்க."

அவள் கையை வாங்கி அந்த வட்ட வடுவைத் தேடினேன். ஐஸில் ஊறி உரிந்து உரிந்து, விரல்கள் ஐந்தும் ஒன்றுபோல வழவழப்பாக இருந்தன.

"இன்னாத்த தேடுற? ரேசன் கடை மிசினுக்கே என் ரேகை தெரில, உனுக்குத் தெரியப்போவுதா?" என்று கையை உருவிக்கொண்டாள். பிறகு முந்தானையால் கல்லைப் பிடித்து, தோலில் படாமல், என் சட்டைப்பையில் போட்டாள்.

"எடுத்துகினு போயிடு. பேத்தி இந்த வருசம் பத்தாவது எழுதறா."