ஹாரன் வலைப்பூவுக்குப் பத்தாயிரம் பேர்

ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்த காலத்தில் நானும் ஒரு வலைப்பூ தொடங்கினேன். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் ஓடும் தனியார் பஸ்களின் ஹாரன்களைப் பற்றி மட்டுமே அதில் எழுதுவேன். எந்தப் பஸ் எருமை போலக் கத்தும், எது கல்யாண வீட்டு நாதஸ்வரம் போல இழுக்கும் என்று பத்தி பத்தியாக விளக்குவேன். தமிழுலகம் இதற்குத்தான் ஏங்கிக் கிடந்தது என்பது என் நினைப்பு.

மாதக்கணக்கில் அதற்கு நான் ஒருவனே வாசகன். பிறகு பக்கத்தின் அடியில் இருந்த வருகை எண் எகிறத் தொடங்கியது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

"பஸ்ஸு கத்துறதப் படிக்க அம்புட்டுப் பேரா?" என்றாள் மனைவி. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வழக்கமாக டைப் செய்யும் சென்டருக்கு மைசூர்பாகோடு போனேன். அதன் முதலாளி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நம்ம கஸ்டமராச்சேன்னு செஞ்சேன் சார். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் நெட்டத் தொறந்தா மொதல்ல உங்க பக்கந்தான் வரும். அப்புடி வச்சுட்டேன்."

மார்க் பார்க்க ஓடிவந்த பிள்ளைகளெல்லாம் முதலில் என் ஹாரனில்தான் முட்டியிருக்கிறார்கள்.

"அப்ப ஒருத்தர்கூடவா படிக்கல?"

"ஏன் படிக்காம? ஒரு பெரியவர் ரெண்டு வரி படிச்சாரு. படிச்சுட்டு, 'ஏம்ப்பா, இந்தச் சனியன எப்புடி மூடுறது?'ன்னு கேட்டாரு."

பத்தாயிரத்தில் எனக்குத் தேறிய ஒரே வாசகர் அவர்தான்.