கீழறைக்குக் கேட்கவில்லை

எனக்கு வேலை கொத்து ரொட்டி போடுவது. குட்மேய்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. இரண்டு கையிலும் இரும்புத் தகடு, முன்னால் சூடான கல். வேறு தொழில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

கந்தசஷ்டிக்கு விரதம் பிடித்தேன். பாலும் பழமும்தான். லீவு எடுக்கவில்லை. முதலாளி என்னைவிட இளையவர். அவருக்கு அது பெரிய பகிடி.

"அண்ணை, வயித்தில முருகன், கையில ஆட்டிறைச்சி. ரெண்டு பேரும் சண்டை பிடிக்கமாட்டினமோ?"

விரதத்தின் நடுவில் தலை சுற்றத் தொடங்கியது. கல்லடியில் நிற்கும்போது கண் இருண்டு வரும், பிறகு தெளியும். மனைவியிடம் சொன்னேன்.

"விரதக் களைப்பு. முருகன் சோதிக்கிறார்," என்றாள்.

வெம்பிளியில் இருக்கும் அவளுடைய தமக்கையும் போனில் அதையே சொன்னா. நானும் நம்பினேன். பசித்தவனுக்குத் தலை சுற்றாமல் வேறென்ன சுற்றும்?

விரதம் முடிந்து பாறணை வந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய், பாயசம் எல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். முதல் ஓர்டரிலேயே விழுந்தேன். நல்ல காலம், கல்லின் பக்கம் சாயவில்லை. பின்னால் இருந்த வெங்காய மூட்டைமேல் விழுந்தேன்.

கண் திறந்தபோது முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இப்ப என்ன விரதம்?"

அம்புலன்ஸில் வந்தவர்கள் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். மிஷினிலிருந்து வந்த கடதாசியைப் பார்த்தார்கள். பிறகு அவசரப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு படம் கீறினார். கூட வந்திருந்த மகள் தமிழாக்கினாள்.

"அப்பா, ஹார்ட்டில மேல ரெண்டு ரூம், கீழ ரெண்டு ரூம். மேல இருந்து கரண்ட் வந்தால்தான் கீழ அடிக்கும். உங்களுக்கு நடுவில லைன் கட். அதைத்தான் ஹார்ட் பிளாக் எண்டுறது."

"அப்ப கீழ் ரூம் என்னெண்டு அடிக்குது?"

"அது தன்ர பாட்டுக்கு அடிக்குது. ஆனா சரியான ஸ்லோ."

எனக்கு விளங்கிவிட்டது.

"எங்கட கடை மாதிரி. முன்னுக்கு ஓர்டர் சொல்லுறது கேக்காட்டி, நானும் என்ர பாட்டுக்கு ஒரு ரொட்டியை ஆறுதலா வெட்டிக்கொண்டு நிப்பன்."

மகள் அதை இங்கிலீசில் சொன்னாள். டொக்டர் சிரித்தார். சரியாக அதுதான் என்றார். நெஞ்சில் தோலுக்குக் கீழே சின்ன மிஷின் ஒன்று வைப்பார்களாம். பேஸ்மேக்கர். மேலறை சொல்வதைக் கேட்டு அது கீழறைக்குச் சொல்லும்.

"அதெல்லாம் வையுங்கோ," என்றேன். "நான் கொத்து போட ஏலுமோ?"

டொக்டருக்குக் கொத்து என்றால் என்னவென்று தெரியவில்லை. மகள் இரண்டு கரண்டி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் டக டக என்று அடித்துக் காட்டினாள். அடுத்த கட்டில் கிழவர் எழும்பி உட்கார்ந்தார். நேர்ஸ் ஓடி வந்தா. டொக்டர் கரண்டியைப் பார்க்கவில்லை. மகளின் தோளைத்தான் பார்த்தார்.

"காயம் ஆறும்வரைக்கும் இடக்கையைத் தோளுக்கு மேல தூக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. பிறகு செக் பண்ணிப்போட்டுச் சொல்லுறாராம்," என்றாள் மகள்.

அன்றிரவு எனக்கு மிஷினைப் பற்றிப் பயமில்லை. அந்தப் 'பிறகு'தான் யோசனை.

மிஷின் வைத்தார்கள். தலைச்சுற்று நின்றது. வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பிரச்சினை. மனைவி புதிதாக இன்டக்ஷன் அடுப்பு வாங்கியிருந்தாள். அதற்குக் கிட்ட நெஞ்சைக் கொண்டுபோகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"இனி வீட்டில நான் சமைக்க ஏலாது," என்றேன்.

"இவ்வளவு நாளும் சமைச்சனீங்களாக்கும்," என்றாள்.

காயம் ஆறியது. செக் பண்ணினார்கள். வேலைக்குப் போகலாம் என்றார்கள். கடையில் காஸ் அடுப்புத்தானே.

முதல் நாள் மனைவியும் கூட வந்தாள். கோட்டைக் கழற்றாமல் முன்னுக்குக் கதிரை போட்டு உட்கார்ந்தாள். தகடுகளைக் கையில் எடுத்தேன். முதல் அடி கொஞ்சம் பயந்து விழுந்தது. அடுத்தது தாளம் பிடித்துவிட்டது.

"மெல்ல அடியுங்கோ!" என்றாள் அங்கிருந்து.

"அக்கா, மெல்ல அடிச்சால் அது கொத்தில்லை, வெறும் ரொட்டி," என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார். "அண்ணை, ஒரு ஆட்டுக் கொத்து! கேட்டதோ?"

"கேட்டது, கேட்டது."

போட்டுக் கொடுத்தேன். கை நோகவில்லை. கண் இருளவில்லை. மனைவி கோட்டைக் கழற்றினாள்.

"எனக்கும் ஒண்டு போடுங்கோ. மரக்கறி. இண்டைக்கு வெள்ளி."

ஆட்டிறைச்சி பட்ட கல்லை உரஞ்சிக் கழுவினேன்.